எல்லாம் இயல்பு

வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் புரோபைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிய பிறகும் திரையில் குழந்தை இருந்தது. வயிற்றிலிருந்து கையை எடுத்தால் படம் போய்விட வேண்டும். மேலே நாலு வெள்ளைக் கோடும் கீழே இருட்டும்தான் மிஞ்ச வேண்டும். ஸ்கேன் எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இது தெரியாதா என்ன? ஸ்கேனுக்கு வந்த கர்ப்பிணிப் பெண் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உடையைச் சரிசெய்து, வெளியே போனாள்; கதவும் சாத்திக்கொண்டது. திரையில் அவள் குழந்தை சாவகாசமாக விரல் சூப்பியது. அதற்குப் பிறகுதான் படம் அணைந்தது.

மெஷின் புதிது, அதற்கென்று சில கோணங்கித்தனம் இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். அவளுடைய அறையில் மட்டும் எப்போதும்போல இருட்டு, கிருமிநாசினி நெடி, விசிறியின் முனகல். முன்பு இந்த அறையில் மாற்றி மாற்றி வேலை பார்க்க ஆட்கள் இருந்தார்கள். மெஷின் வந்ததும் ஒவ்வொருவராகக் கழற்றிவிடப்பட்டார்கள். "அதுவே பாத்து, அதுவே அளந்து, ரிப்போர்ட்டும் எழுதிடும். நீங்க புரோப்பப் பிடிச்சிக்கிட்டா போதும்" என்றார் மேனேஜர், ஏதோ சலுகை செய்கிறவர் மாதிரி. இப்போது தனக்குப் புரோபைத் தாங்குகிற ஸ்டாண்டு வேலை என்று வீட்டில் அவளே கேலி பேசுவாள். சிரிப்பு மட்டும் வராது.

சாப்பாட்டு நேரத்தில் தங்கை வந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு முறை கருவிலேயே கலைந்து, இது தங்கிய பிள்ளை.

"நேத்துலேர்ந்து அசையவே இல்லக்கா."

"உன்ன மாதிரிதானே இருக்கும். தூங்குமூஞ்சி."

"கிண்டல் பண்ணாத. பயமா இருக்கு."

தங்கையைப் படுக்க வைத்தாள். வயிற்றில் ஜெல்லைத் தடவிப் புரோபை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் படம் வந்துவிட்டது. உருண்டை முகம், மூக்கு, மூடிய கண். அறை முழுக்க இதயத்துடிப்பின் சத்தம். பச்சை எழுத்தில் 'இயல்பு' என்று போட்டது மெஷின். படுத்தவாறே பார்க்கச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்துத் தங்கை அழுதுவிட்டாள்.

"உயிரே வந்துச்சுக்கா."

அக்காவுக்கு வரவில்லை. பழக்கத்தில் அவள் கை வயிற்றை லேசாக இடித்துப் பார்த்தது. உள்ளே இருப்பது தண்ணீரில் மிதக்கிற பிள்ளை. இடித்தால் படமும் குலுங்க வேண்டும். குலுங்கவில்லை. இன்னொரு முறை இடித்தாள். பிறகு, தங்கை கவனிக்காதபடி, புரோபை மெல்லத் தூக்கினாள். கையில் அது அந்தரத்தில் நின்றது. ஜெல் சொட்டியது. இதயம் அடித்துக்கொண்டே இருந்தது.

மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, அவள் எடுத்து வைத்திருந்த பழைய படங்களைத்தான் கேட்டு வாங்கினார்கள். நல்ல படமாகக் கொடுங்கள், குழப்பமானது வேண்டாம் என்றார்கள். நின்றுபோன இதயங்களை அவளே உட்கார்ந்து ஒதுக்கினாள். அந்தத் தாய்மார்களுக்குச் செய்கிற மரியாதை என்று அப்போது தோன்றியது. உயிருள்ள பிள்ளைகளை மட்டுமே பார்த்து வளர்ந்தது இது. நின்றுபோவது என்று ஒன்று உண்டென்பதே இதற்குத் தெரியாது.

புரோபைக் கொக்கியில் மாட்டினாள். மூலையில், பழைய சாமானோடு போகக் காத்திருந்த சின்ன மெஷினை இழுத்து வந்தாள்.

"அது எதுக்குக்கா? இதான் நல்லா தெரியுதே."

"சும்மா இரு. பழக்கதோஷம்."

பழைய திரை மங்கலாக, புள்ளி புள்ளியாக விழித்தது. தலை. முதுகெலும்பு. முகத்துக்கு முன்னால் கூப்பினாற்போல் இரண்டு கையும். வலப் பக்கத்தில் மடங்கிய இரண்டு காலும். நெஞ்சு.

அங்கே புரோபை நிறுத்தினாள்.

காத்திருந்தாள். கோணத்தை மாற்றினாள். மறுபடி காத்திருந்தாள். இதயத்தின் நாலு அறையும் தெளிவாகத் தெரிந்தன. எதுவும் திறக்கவில்லை. எதுவும் மூடவில்லை.

எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். சொந்தத் தங்கையிடம் வேறொன்றைச் சொன்னாள்.

"இரு. டாக்டரக் கூப்பிடுறேன்."

"எதுக்கு?" தங்கையின் கண் சுவர்த் திரையை விட்டு நகரவில்லை. அங்கே பிள்ளை கையை நீட்டிச் சோம்பல் முறித்தது. "பாரேன். எவ்வளவு அழகா... அக்கா."

"என்ன?"

"அசையுது."

"குட்டி, நான் சொல்றதக் கேளு."

"நிஜமாக்கா. இப்பதான். இங்க." அவள் அக்காவின் இடது கையைப் பிடித்துத் தன் வயிற்றின் இடப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

தோல் எழும்பியது. மெதுவாக. குதிகால் என்றுதான் முதலில் நினைத்தாள். பழைய திரையைப் பார்த்தாள். இரண்டு காலும் வலப் பக்கத்தில். அசைவில்லை. இரண்டு கையும் முகத்துக்கு முன்னால். அசைவில்லை. நெஞ்சில் அதே நிசப்தம். சுவரில் மட்டும் நீட்டிய கை இன்னும் நீண்டது.

உள்ளங்கைக்குக் கீழே அது ஒரு கையாக விரிந்தது. கட்டைவிரல். சுட்டுவிரல். குழந்தை விரலின் நீளம் இல்லை. ஒவ்வொன்றாக வந்து, வயிற்றுத் தோலுக்கு அந்தப் பக்கம், அவளுடைய விரல்களோடு நுனிக்கு நுனி சரியாகப் பொருந்தின.

கையை எடுக்கப் பார்த்தாள். தங்கை விடவில்லை.

"தெரியுதாக்கா?" என்றாள், கண்ணீரோடு சிரித்தபடி. "உன்னத் தேடுது."

உள்ளிருந்த விரல்கள் அவள் விரல்களைப் பற்றி மடங்கத் தொடங்கின.