பதினொரு மீன்களின் கிரிவலம்

செல்போன் அலறியது!

காலை மணி ஒன்பது ஐந்து. வேங்கிக்கால் வாடகை வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த குமரேசனின் விரல்கள் நின்றன.

இந்த அழைப்புக்காகத்தான் விடியற்காலையிலிருந்து காத்திருந்தான்!

"தம்பி... எல்லம்மா பேசறேன்..."

மாமா வீட்டில் வேலை செய்கிறவள். குரல் உடைந்திருந்தது.

"ஐயா நெஞ்சைப் புடிச்சிக்கினு விழுந்துட்டாரு தம்பி... எதிர்வீட்டு டாக்டரு வந்து பாத்தாரு. ஹார்ட் அட்டாக்காம்... போயிட்டாரு தம்பி!"

"ஐயோ... மாமா!"

நன்றாகத்தான் அலறினான். வேடிக்கை என்னவென்றால், அந்த அலறலில் பாதி நிஜம்!

தாய் தகப்பன் இல்லாத குமரேசனை ஆறு வயதிலிருந்து வளர்த்தவர் தாய்மாமன் இராமலிங்கம். மனைவியை இழந்தவர். பிள்ளை இல்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு. அதைக் கிரிவலம் வருகிற பக்தர்கள் தங்கிப் போக மடமாக எழுதிவைக்கப் போவதாகப் போன வாரம் அறிவித்தார். திங்கட்கிழமை பத்திரப்பதிவு.

குமரேசனுக்குத் தூக்கம் போயிற்று.

நேற்றுச் சாயங்காலம் மாமாவைப் பார்க்கப் போனான். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய தண்ணீர் பாட்டிலில் ஒரு மருந்தைக் கலந்தான். என்ன மருந்து, எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்! காலையில் எழுந்ததும் பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிப்பது மாமாவின் இருபது வருஷப் பழக்கம். ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சுவலி வந்த மனிதர். யாருக்குச் சந்தேகம் வரும்?

வரவில்லை!

பத்து மணிக்கு மாமா வீட்டுக்குள் நுழைந்தான். ஹாலில் ஃப்ரீசர் பெட்டி. உள்ளே மாமா. நெற்றி நிறைய விபூதி.

மேஜை மேல் பாட்டில்... காலி!

எடுத்துப் போய்க் கழுவினான். பாட்டிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். இதே கையைப் பிடித்துத்தான் மாமா அவனைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனார். குழாய்த் தண்ணீரோடு அவன் கண்ணீரும் ஓடியது. பாவி! இப்போது அழுது என்ன பிரயோஜனம்?

திரும்பி வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் தமிழ்செல்வி. அவன் மனைவி. கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாதம்.

"உன்னை யாரு வரச் சொன்னது? மாசமா இருக்கறவ சாவு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"எனக்கு அவரு அப்பா மாதிரிங்க. எவ என்ன சொன்னாலும் நான் வருவேன்."

அவள் முகத்தைக் குமரேசனால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணாமலையாரே! இங்க வந்து பாருங்கடி!"

பக்கத்து வீட்டு ராணியம்மாள். ஹால் மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டி நின்றாள்.

தொட்டிக்குள் பதினொரு கப்பி மீன்கள். விரல் நீளம்கூட இல்லை. நடுவில் மாமா ஆசையாக வைத்த மலை மாதிரி ஒரு கல். பதினொரு மீன்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

வலமாக!

"பௌர்ணமி அதுவுமா ஐயா உயிரு போச்சு... மீனுங்க கிரிவலம் போகுதுடி! அவரு சித்தரு!"

அவ்வளவுதான். கிரிவலப் பாதையில் போன கூட்டமெல்லாம் வீட்டுக்குள் திரும்பியது. கற்பூரம் ஏற்றினார்கள். தொட்டிக்கு மாலை போட்டார்கள். அரை மணி நேரத்தில் வரிசை ரோட்டை அடைத்தது. பாதையைச் சரிசெய்ய இன்ஸ்பெக்டர் எழிலரசி, கான்ஸ்டபிள் முருகவேலோடு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? சாவு வீடா, திருவிழாவா?"

"சாமி மேடம்!" என்றாள் ராணியம்மாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல மேடம்." கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். "நான் பாலாஜி. இந்த மீனுங்களை வித்தவன். இது சீக்கு!"

"டேய், வாயைக் கழுவுடா!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

எழிலரசி கையை உயர்த்தினார். "இருங்க. நீ சொல்லு. மீனு வேற எப்படி நீந்தும்?"

"நேரா நீந்தும் மேடம். கிட்ட போனா தீனிக்கு ஓடியாரும். மூச்சு முட்டுனா மேல வந்து வாயைத் தொறக்கும். தீனி ஜாஸ்தியாயி வயிறு ஊதுனா தலைகீழா மிதக்கும். ஒண்ணு மட்டும் இப்படி சாஞ்சு சுத்துனா அந்த மீனுக்குக் கோளாறு. பதினொண்ணும் ஒரே நேரத்துல சுத்துதுன்னா..."

"சுத்துதுன்னா?"

"கோளாறு தண்ணில!"

குமரேசன் தொட்டியிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

குடித்தது போக மிச்சத் தண்ணீரை மாமா எப்போதும் அந்தத் தொட்டியில்தான் ஊற்றுவார்!

ஆனால் பாலாஜி பேச்சு யார் காதில் விழுந்தது? 'அரோகரா' சத்தம் அவனை அமுக்கிவிட்டது. எழிலரசியும் கூட்டத்தை ஒதுக்குவதில் மும்முரமானார். இன்னும் கொஞ்ச நேரம். எல்லோரும் போனதும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் போதும்...

தப்பித்தோம்!

அப்போது ராணியம்மாள் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு மொண்டாள்.

"சாவு வீட்டுல தீர்த்தமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"சித்தருக்குத் தீட்டு ஏதுடி? மொதல்ல மாசமா இருக்கறவளுக்குக் குடுப்போம். இந்தா தமிழ்செல்வி, குடிச்சிடும்மா. புள்ள நல்லபடியா பொறக்கும்!"

குமரேசன் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டான். தண்ணீர் தரையில் சிதறியது.

"என்னங்க பண்றீங்க?"

"அ... அழுக்குத் தண்ணிடி. மீன் தண்ணி!"

"நம்பிக்கை இல்லாதவன் வெளிய போ!" ராணியம்மாள் மறுபடி மொண்டாள்.

தமிழ்செல்வி வாங்கிக்கொண்டாள். பெட்டிக்குள் இருந்த மாமாவைப் பார்த்துக் கண்கலங்கினாள். "அவரு ஆசீர்வாதம்ங்க. எனக்கு வேணும்."

டம்ளர் உயர்ந்தது... உதட்டைத் தொடப் போனது...

"குடிக்காதே! அதுல விஷம் இருக்கு!"

கத்தியது குமரேசன்!

எழிலரசி மெதுவாகத் திரும்பினார். "கோளாறுன்னுதான் பாலாஜி சொன்னான். விஷம்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

குமரேசன் பெட்டியின் காலடியில் விழுந்தான்.

"நான்தான் மேடம்! மாமா பாட்டில்ல நான்தான் கலந்தேன்! வீட்டுக்காக... அவரு குடிச்சிட்டு மிச்சத்தைத் தொட்டில ஊத்தியிருக்காரு. என்னை வளத்தவரை நானே கொன்னுட்டேன்!"

தமிழ்செல்வியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"தம்பி..." எல்லம்மாள் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஐயா எங்க குடிச்சாரு? நான் பக்கத்துலதான இருந்தேன்... பல்லு வெளக்கிட்டு மொத்த பாட்டிலையும் தொட்டில ஊத்துனாரு. 'நான்தான் குடிக்க மாட்டேன், இதுங்களாச்சும் குடிக்கட்டும்'னாரு."

"ஏன் குடிக்கலை?" என்றார் எழிலரசி.

"இந்தப் பௌர்ணமிலருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி பச்சத்தண்ணி கூட இல்லாத விரதம் மேடம். கிரிவலம் முடிச்சிட்டுத்தான் வாய் நனைப்பேன்னாரு. தமிழ்செல்விக்கு நல்லபடியா புள்ள பொறக்கணும்னு வேண்டுதல். 'குமரேசன் கிட்ட சொல்லாத, கேட்டா திட்டுவான்'னாரு தம்பி..."

குமரேசன் தரையில் தலையை முட்டிக்கொண்டான். ஒரு தடவை. இரண்டு தடவை. யாரும் தடுக்கவில்லை.

"டாக்டர் சொன்னது சரியாத்தான் இருக்கும்," என்றார் எழிலரசி. "எதுக்கும் போஸ்ட்மார்ட்டம் பண்ணிடுவோம்."

அவன் நிமிர்ந்தான். "அப்ப... மாமாவை நான் கொல்லலியா மேடம்?"

"இல்ல. கொல்லப் பார்த்த. அதுக்கும் கேஸ் இருக்கு."

"தமிழு..."

அவள் திரும்பவில்லை. "எம் புள்ளைக்காகத் தொண்டை காஞ்சு செத்திருக்காரு அந்த மனுஷன். உங்க மொகத்தை எனக்குக் காட்டாதீங்க."

பாலாஜி அவசரமாகப் பதினொரு மீன்களையும் நல்ல தண்ணீருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். முருகவேல் குமரேசனை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

"மேடம்... பாட்டிலைக் கழுவிட்டான். இவன் கலந்ததை நேர்ல பாத்த ஆளு ஒருத்தரும் இல்ல. தொட்டித் தண்ணில விஷம்னு லேப்ல சொல்லிடுவாங்க; யாரு கலந்ததுன்னு சொல்ல நம்ம கிட்ட இருக்கற சாட்சி இந்தப் பதினொரு மீனுதான். அதுங்க வாயைத் தொறந்து பேசவா போவுது?"

எழிலரசி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அதுங்களுக்கும் சேர்த்துத்தான் இவனே பேசிட்டானேய்யா... வண்டியை எடு!"