காளியாயி அனுப்பாத மழை

கிஷாந்த் உட்காரவில்லை. மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்து, திரையைக் கேத்ரின் பக்கம் திருப்பினான்.

"எல்லா வரியிலயும் அவ பேருதான் மிஸ் இருக்கு. நீங்க பாத்துட்டு, அவதான்னு சொன்னாப் போதும். நாளைக்கே பொலிஸ்ல குடுத்துருவேன்."

கேத்ரின் கொழும்பில் வேலை பார்த்தவள். இப்போது நுவரெலியாவில், மரக்கறிக் கடையொன்றின் மாடியில் இருந்தபடி மற்றவர்களின் கணினி நிரல்களில் பிழை தேடிக் கொடுக்கிறாள். அவளுக்கு உதவியாக வினோஜன் இருக்கிறான். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வந்தவன், எதற்கும் முந்திக்கொள்பவன்.

"மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க," என்றாள் கேத்ரின்.

கிஷாந்த் வேலை செய்யும் ஹட்டன் நிறுவனம் மண்சரிவுக்கு எச்சரிக்கை கொடுக்கும் செயலி ஒன்றை நடத்துகிறது. தோட்டத்துக்கு ஒரு மழைமானி. அதைப் பார்ப்பவர் காலையில் அளவைப் போனில் அனுப்புவார். கடைசி மூன்று நாள் மழையைச் செயலி கூட்டும். வரம்பைத் தாண்டினால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சங்கு ஊதும். போன மாதம், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சங்கு ஊதவில்லை. மலை இறங்கியது. கடைசி லயத்தில் காளியாயி செத்துப்போனாள். கிஷாந்தின் அம்மா. அந்தத் தோட்டத்து மழைமானியைப் பார்த்து வந்தவளும் அவள்தான்.

"அன்னைக்கு அவங்க அளவு அனுப்பினாங்களா?"

"இல்ல மிஸ். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற வழியிலதான் அது இருக்கு. போறப்ப பாத்துட்டு அனுப்புவாங்க. அன்னைக்குப் பேய் மழ. பெரட்டு இல்லன்னு கங்காணி சொல்லிட்டாரு. வீட்டுலயே இருந்துட்டாங்க."

"அப்படின்னா மழை ரொம்பப் பெய்ற நாள்லதான் அளவே வராது," என்றான் வினோஜன்.

கிஷாந்த் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தான். கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது. ஓரங்களில் காய்ந்த மண்.

"அம்மாவோடது. தலமாட்டுல கெடந்துச்சு. இன்னும் வேலை செய்யுது. தெனமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்."

கேத்ரின் போனைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். எழுதிய நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இது கைவிடப்பட்ட வழி, தற்காலிகம், பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொன்றும் கிஷாந்தோடு வேலை செய்யும் நிலக்ஷி எழுதிய கோப்பில் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கூட்டல் குறியைச் சுட்டியது.

"கூட்டலையே தடை பண்ணிட்டாங்களா அக்கா? இனிமே கழிக்க மட்டுந்தானா?" என்றான் வினோஜன்.

"அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க," என்றாள் கேத்ரின்.

நிலக்ஷி மத்தியான பஸ்ஸில் வந்து கதவோரமாக நின்றாள். கிஷாந்த் அவளுடைய படத்தைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டிருந்தான். கீழே ஒரே வரி: எங்கம்மாவைக் கொன்னவ.

"நேத்து எங்க வீட்டுக் கதவுல செருப்பு மாலை போட்டாங்க மிஸ். அப்பாதான் கழட்டினாரு."

"இன்னும் போடுவாங்க," என்றான் கிஷாந்த்.

கேத்ரின் அவளுக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். பிறகு அதே செயலிக்குள் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து இரண்டு எண்களைக் கூட்டினாள். எச்சரிக்கை வரவில்லை. அந்த நிரல்மொழியில், ஒரு மதிப்பு வெறுமையாகவும் இருக்கக்கூடும் என்றால் அதன் வகைக்குப் பின்னால் கேள்விக்குறி போட வேண்டும். ஓர் எண்ணுக்கு மட்டும் அதைப் போட்டாள். மஞ்சள் வரி வந்தது.

"குத்தம் கூட்டல்ல இல்ல, கேள்விக்குறியில!" என்றான் வினோஜன்.

"கேள்விக்குறி போட்டது இவதானே?" என்றான் கிஷாந்த்.

"அளவு வராத நாளும் இருக்கும்ல அண்ணே? அதான் போட்டேன்." நிலக்ஷி கேத்ரினைப் பார்த்துச் சொன்னாள். "அளவு வராட்டி, பாக்குறவங்க போனுக்குத் தானா கோல் போகும் மிஸ். எடுக்காட்டி அந்தத் தோட்டத்துல சங்கு ஊதணும். அப்படித்தான் எழுதினேன். ஆனா ஒரு நாள்கூட அது வேலை செய்யல. இந்த வார்னிங்கையும் குரூப்ல போட்டுக் கேட்டேன். 'வார்னிங்தானே, எரரா வரட்டும் பாப்போம்'னு கிஷாந்த் அண்ணேதான் பதில் போட்டாரு."

"நான் இப்ப கோட் எழுதுறதில்ல. தோட்டந்தோட்டமாப் போயி மழைமானி மாட்டுறதுதான் என் வேலை. எனக்கென்ன தெரியும்?"

"இப்ப எழுதுறதில்ல," என்றாள் கேத்ரின். பிறகு வினோஜனிடம், "இறம்பொடையில மழைமானி பாக்குறவருக்குக் கோல் எடு தம்பி. ஸ்பீக்கர்ல போடு," என்றாள்.

இராமையாவின் குரல் அருவிச் சத்தத்தோடு வந்தது. மழை பெய்யாத நாளில் என்ன அனுப்புவீர்கள் என்று வினோஜன் கேட்டான்.

"சைபர்னு போட்டு அனுப்பணும் தம்பி. அனுப்பாட்டி கிஷாந்த் தம்பி போன் பண்ணி ஏசுவாரே! சைபர் வேற, சும்மா இருக்கிறது வேறன்னு எனக்கே பாடம் எடுத்தாரு."

வினோஜன் போனை வைத்தான். கேத்ரின் நாற்காலியைத் திருப்பி கிஷாந்தை நேராகப் பார்த்தாள்.

"இந்த மொழி வெறுமையைக் கூட்டவே விடாது. எரர் காட்டி நின்னுரும். இங்க வார்னிங்கோட விட்டுருது. அப்படின்னா, எப்படிக் கூட்டணும்னு அதுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் வெறுமையோட நாப்பதைக் கூட்டிப் பாத்தேன். நாப்பதுதான் வருது. வெறுமையை அது சைபரா எடுத்துக்குது. அதனால அளவு வரலங்கிற விஷயமே நிலக்ஷியோட கோடுக்குத் தெரியாது. கோல் போகாது. சங்கும் ஊதாது."

"எழுதினவங்க பேரு ஏன் வரல?" என்றான் வினோஜன்.

"எழுதின எடத்துல வார்னிங் காட்டாது. பயன்படுத்துற எடத்துலதான் காட்டும். எழுதினது எல்லாரும் எடுத்துப் பாவிக்கிற பழைய கோப்புல இருக்கு. அதை யாரும் திறக்கிறதில்ல. அதுல யார் பேரும் இல்ல. ஆனா எழுதினவருக்கு இது தப்புன்னு தெரியும். தற்காலிகம்னு அவரே ஒட்டி வச்சிருக்காரு."

"யாரு?" என்றான் கிஷாந்த்.

"எல்லாத் தோட்டத்துலயும் சைபர் அனுப்புறாங்க. வெறுமையைச் சைபரா மாத்த வேண்டிய தேவை எவருக்கும் இல்ல. ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்திருக்கணும். கிஷாந்த், மழை இல்லாத நாள்ல உங்கம்மா என்ன அனுப்புவாங்க?"

வெளியே மழை தொடங்கியிருந்தது. கீழே கடைக்காரர் தறப்பாளை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் அனுப்ப மாட்டாங்க," என்றான் கிஷாந்த். மேசையில் இருந்த போனைத் தன் பக்கம் நகர்த்தி, "முழங்கால் வலி. பெரட்டு வழியிலருந்து மழைமானிக்குத் தனியாப் படி ஏறணும், அதுல ஏற முடியாது. காஞ்ச நாள்ல ஏறாதீங்கம்மா, நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்," என்றான்.

"அந்தக் கோட் எப்ப எழுதினீங்க?"

"சேந்த புதுசுல. ஒரு வாரத்துல எடுத்துரலாம்னு இருந்தேன்."

நிலக்ஷி எழுந்துவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தாள். மற்றத் தோட்டங்களிலும் மலைக்குக் கீழேதான் லயங்கள். பையைக் கழற்றி வைத்துவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் வந்தாள்.

"தள்ளுங்க அண்ணே."

"அவரே எடுக்கட்டும்," என்றாள் கேத்ரின்.

கிஷாந்த் பழைய கோப்பைத் திறந்தான். அது மூன்றே வரி. அழித்தான். மஞ்சள் வரிகள் எல்லாம் சிவப்புப் பிழைகளாக மாறின. அதன் பிறகு நிலக்ஷி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். கடைசிச் சிவப்பும் போனதும் செயலியை ஏற்றினாள்.

"அந்தப் படம்?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"எடுத்துர்றேன்."

"எடுத்தா? பாத்தவங்கல்லாம் பாத்தாச்சு."

மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. விரிசல் விட்ட கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. காளியாயி இன்றைக்கும் அளவு அனுப்பவில்லை. அது செயலிக்கு இப்போதுதான் தெரிந்தது.

"எடுங்க," என்றான் வினோஜன். "எடுக்காட்டி அங்க சங்கு ஊதிரும்."

கிஷாந்த் எடுத்தான். பதிவு செய்த குரல் ஒலித்தது. நிலக்ஷியின் குரல்.

"வணக்கங்க. இன்னைக்கு மழை அளவு இன்னும் வரலைங்க. நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ண அமுக்குங்க."

அவன் விரல் எண்ணின் மேல் போய் நின்றது. குரல் மறுபடியும் முதலிலிருந்து கேட்டது. விரல் அசையவில்லை. நிலக்ஷி எட்டி ஒன்றை அமுக்கினாள்.

"நன்றிங்க," என்றது போன். "நாளைக்கு மறக்காம அனுப்புங்க."