காற்றுக்கு எதிரே ஒரு துவாரம்

ஆடி மாதத்துச் சிற்றாற்றங்கரையில் ஒரு நாழிகை நின்றவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலைகளின் இடைவெளி வழியே புகுந்து, மூங்கில் புதர்களை வளைத்து, ஆற்று நீரைத் துணி போலக் கசக்கி, பேசுகிறவர் வாயிலிருந்து சொல்லைக்கூடப் பறித்துக்கொண்டு கிழக்கே ஓடுகிற காற்று அது. கதிரவன் வெண்குன்றத்தின் பின்னே மறைந்து, செவ்வானம் கருநீலத்தில் கரைந்து, பாசறைக் கூடாரங்களின் கயிறுகள் விண்ணென்று அதிர்ந்துகொண்டிருந்த அந்த அந்தி வேளையில், அதை மனமார வாழ்த்திக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். வெண்கலம் வார்ப்பதில் கைதேர்ந்த பெருங்கோதை, அணையப் போகும் தன் உலையின் முன் முழந்தாளிட்டு, முகத்தில் மட்டும் பெருங்கவலையைப் பூசிக்கொண்டிருந்தாள்.

உலை அணைந்தால் வார்ப்பவளுக்கு மகிழ்ச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எதிரே குன்றின்மேல் தெரிந்த வெண்குன்றக் கோட்டையைத் தண்டநாயகர் உதாரர் மாதக்கணக்காக முற்றுகையிட்டும் ஒரு கல்கூட அசையவில்லை. ஆகவே மனிதர் சூழ்ச்சியில் இறங்கினார். கோட்டைக்குத் துணையாக வரவிருந்த நேச மன்னரின் முத்திரையைப் பதித்த மெழுகு ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. அதை வைத்து மோதிரம் வார்த்துவிட்டால் போதும். நேச மன்னரின் தூதன் என்று ஒருவன் அதைக் காட்டுவான், கதவு திறக்கும், இருளில் பதுங்கிய படை உள்ளே பாயும். அந்த மோதிரத்தை வார்க்கத்தான் பெருங்கோதையை அமர்த்தியிருந்தார். அவள் கோட்டை அரசி நங்கைப்பிராட்டியின் ஒற்று என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

இரண்டு மாலைகள் காற்றின்மேல் பழியைப் போட்டுக் காலங்கடத்தினாள். இன்றும் வெண்கலம் உருகாவிட்டால் தலை தப்பாது என்று தண்டநாயகர் சொல்லியனுப்பியிருந்தார். தலை போனாலும் சரி, மோதிரம் பிறக்கக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அந்த நேரத்தில்தான் காவல் தலைவன் சாத்தன், வீரர்கள் சிலர் பின்தொடர, பழைய கேடயங்களைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

"அம்மணி, காற்றை நொந்து பயனில்லை. உலையைச் சுற்றி மறைப்பு ஒன்று கட்டிவிடுவோம்" என்றான்.

பெருங்கோதைக்கு இனிக் காற்றின்மேல் பழி போட வழியில்லை. தாடி அடர்ந்த அந்த இளைஞனை அவளுக்குச் சில நாட்களாகத்தான் தெரியும். வேளா வேளைக்கு உணவு அனுப்பியதும், மற்றக் காவலர்களின் கேலியை ஒரு பார்வையால் அடக்கியதும் அவன்தான். அவனைப் பார்க்கும்போது மனம் இளகியதற்காக அவள் தன்னையே கடிந்துகொண்டதுண்டு. இப்போதோ அவன்மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. இரும்புத் தகடு போர்த்த கேடயங்களை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி வட்டமாக நட்டு, முளையடித்து, சந்துகளில் ஆற்றுக் களிமண்ணை வைக்கோலோடு குழைத்து அப்பினார்கள். உலைக்கு மூச்சு வேண்டுமே என்று அடியில் கிழக்குப் பக்கமாகச் சிறு துளைகள் விட்டார்கள். துருத்தி அங்கே அமர்ந்தது. அதுவரை ஓரமாய்ப் படுத்துக் கிடந்த தீ நிமிர்ந்து எழுந்தது. மறைப்பை முடிக்கும் தறுவாயில், மேற்குப் பக்கத்தில், மார்பளவு உயரத்தில் ஒரு கேடயத்தை மட்டும் சாத்தன் பொருத்தாமல் கையில் வைத்துக்கொண்டான்.

"இங்கே ஒரு துவாரம் இருக்கட்டும்" என்றான்.

காற்று வரும் திசையில் வாசல் விடும் மூடனும் உண்டோ என்று பெருங்கோதை உள்ளூர நகைத்தாள். அதைத் திருத்துவதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்து?

வீரர்களைச் சாத்தன் அனுப்பிவிட்டான். நன்றாக இருட்டியிருந்தது. கேடயம் பொருந்துகிறதா என்று பார்ப்பவனைப் போல அவன் அதைத் துவாரத்தில் வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான். ஒரு முறை நெடுநேரம், பிறகு இரு முறை சட்சட்டென்று. நான்கு புறமும் மறைக்கப்பட்ட உலையின் ஒளி அந்த ஒரு வழியாக மட்டும் மேற்கே பாய்ந்து மறைந்தது. பெருங்கோதை அந்த ஒளி போன வழியே பார்த்தாள். அங்கே கோட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தக் கோட்டையின் உச்சியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரசியின் தம்பி மாறவேள் ஐப்பசி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, அவர் திரும்பும்வரை அணைப்பதில்லை என்று சபதமிட்டு அரசி ஏற்றிய விளக்கு. அதை வார்ப்பதற்கென்றே பெருங்கோதை முதன்முதலில் கோட்டைக்கு வரவழைக்கப்பட்டாள். இளவரசரை அவள் கண்டதில்லை. எந்தக் காற்றுக்கும் அணையாதபடி அதற்குக் கூண்டு செய்தவளும் அவளே.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விளக்கு அணைந்தது.

காற்று அதை அணைத்திருக்காது, அரசிதான் அணைத்திருக்க வேண்டும் என்று பெருங்கோதைக்கு விளங்கியது. மெல்லத் திரும்பி, கேடயத்தோடு நின்றவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"காற்று வரும் பக்கத்தில் வாசல் வைப்பது எந்த ஊர் வழக்கம்?"

தண்டநாயகர் உதாரரின் குரல் அது. உலையொளியில் அவர் உருவிய வாள் பளிச்சிட்டது. சாத்தன் வாய் திறக்குமுன் பெருங்கோதை எழுந்து வணங்கினாள்.

"எங்கள் வழக்கம்தான், பிரபு. ஈரக்கரியின் புகை தங்கினால் வார்ப்பில் சொத்தை விழும். புகை போனதும் அடைத்துவிடுவோம். இதோ." களிமண்ணை வாரி, கேடயத்தை வாங்கித் துவாரத்தில் பதித்து அப்பினாள்.

"உருகட்டும், பார்க்கிறேன்" என்று உதாரர் அங்கேயே அமர்ந்துவிட்டார்.

இனி உருக்க மறுத்தால் அவள் தலை மட்டுமல்ல, சாத்தன் தலையும் போகும். துருத்தி சீறியது, மூசைக் கலத்தில் வெண்கலம் இளகி, மினுங்கி, பாகாயிற்று. இத்தனை நாள் பிறக்கவிடாமல் காத்த மோதிரத்தைப் பெருங்கோதை தன் கையாலேயே வார்த்தாள். அச்சை உடைத்து, அரத்தால் தேய்த்து நீட்டியபோது உதாரர் முகமெல்லாம் பல்லாயிற்று.

"சாத்தா, தூதனாக நீயே போ."

"உத்தரவு, பிரபு. உடன் பெண் ஒருத்தி வந்தால் வாயிற்காவலருக்குச் சந்தேகம் வராது."

"இவளையே அழைத்துப் போ. கதவு திறந்ததும் தீப்பந்தத்தை உயர்த்து. தோப்பில் படை காத்திருக்கும்."

குன்றின் ஒற்றையடிப் பாதையில் இருவரும் பாசறையின் ஓசை கேட்காத தூரம்வரை ஏறினார்கள்.

"இளவரசே" என்றாள் பெருங்கோதை.

அவன் நின்றான். "வெள்ளம் என்னை இவர்கள் கரையில் ஒதுக்கியது. பேரைச் சொல்லியிருந்தால் தலை போயிருக்கும். அதனால் சாத்தனானேன். இன்று காட்டியது நானும் அக்காவும் சிறுவயதில் விளையாடிய சைகை. நான் இருக்கிறேன், வேறு யாரையும் நம்பாதே என்று பொருள். திறந்த உலை பாசறையின் நூறு அடுப்புகளில் ஒன்றாகப் போயிருக்கும். அதற்காகத்தான் மறைப்பு."

"என்னை எப்படி நம்பினீர்கள்?"

"வார்க்கத் தெரிந்தவள் இரண்டு மாலைகள் காற்றின் வாயில் உலையை வைத்தாளே, அதைப் பார்த்தேன்."

மதிலின் நிழலில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய திட்டி வாசல் ஓசையின்றித் திறந்து, இருவரையும் விழுங்கி, மூடிக்கொண்டது. உள்ளே, அணைந்த விளக்கைக் கையில் ஏந்தியபடி அரசி நின்றாள். தம்பியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து வாய்விட்டு அழுதாள். தோப்பில் காத்திருந்த படைக்கு அன்று தீப்பந்தம் எதுவும் தெரியவில்லை.

மாறவேள் அந்த விளக்கைத் தொட்டான்.

"பெருங்கோதை, காணாமல் போனவனுக்காக வார்த்த விளக்கு இனி எதற்கு? இந்த முற்றுகையை முறியடிக்கும் நாளில் இதை உருக்கி, உன் விரலுக்கு ஒரு மோதிரம் செய்விப்பேன். இந்த மதிலின்மேல் ஆணை."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"உலையை நான் பார்த்துக்கொள்கிறேன், இளவரசே. மறைப்பை மட்டும் தாங்கள் கட்ட வேண்டாம்."