கடலுக்கு எதற்கு வெந்நீர்?

சுண்டுவின் அம்மா ஒரு பயணிகள் கப்பலில் என்ஜினியர். பள்ளி விடுமுறை என்பதால் சுண்டுவும் அவரோடு தொற்றிக்கொண்டாள்.

பாதி வழியில் புயல் மறித்தது. கப்பல் சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று. டீசல் மளமளவென்று குறைந்தது.

"பயணிகள் அறை ஹீட்டரை அணைச்சிடுங்க, என்ஜினியரம்மா" என்றார் கேப்டன். "அது குடிக்கிற டீசலும் மிச்சமானாத்தான் கரை சேர முடியும்."

வெந்நீர் ஓடும் ஹீட்டர் குழாய்கள் ஆறி, அறை சில்லிட்டுப் போனது. பெரியவர்கள் போர்வைக்குள் சுருண்டுகொண்டார்கள். ஓர் அக்காவின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. சுண்டு தன் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள்.

"உனக்கு வேணாமாம்மா?"

"நான் ஓடிட்டே இருப்பேன்க்கா. எனக்குக் குளிராது" என்றாள் சுண்டு. பற்கள் மட்டும் தந்தியடித்தன.

சொன்னபடியே மேல்தளத்தில் ஓடினாள். மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தாள். கப்பலின் பக்கவாட்டிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடி என்ஜின் அறைக்குப் பாய்ந்தாள்.

"அம்மா! வெளியே கொட்டுதே, அது என்ன தண்ணி?"

"கடல்தண்ணிதான். என்ஜின் சூட்டை வாங்கிட்டு வெளியே போகுது."

"மேல பாப்பா நடுங்குது, கீழ மீனுங்களுக்கு வெந்நீர்க் குளியலா? அதை ஹீட்டர் குழாய்ல விட்டா என்னம்மா?"

அம்மாவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"உப்புத்தண்ணி குழாயை அரிச்சிடுமே?" என்று தயங்கினார், யோசனையைக் கேட்டு இறங்கி வந்த கேப்டன்.

"ஒரு நாள் தாங்கும் சார். கரைக்குப் போனதும் நல்ல தண்ணியில அலசிடலாம்."

அம்மா தடித்த ரப்பர் குழாயைப் பொருத்தினார். சுண்டு டார்ச் பிடித்தாள். பிறகு ஓடிப்போய்ப் பயணிகள் அறைக் குழாயில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. காத்திருந்தாள். இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"அய்யோ! சூடு! சூடு வந்துடுச்சு!"

போர்வைகளிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. யாரோ கைதட்டினார்கள். ஹீட்டருக்கு ஒரு சொட்டு டீசல்கூடச் செலவாகவில்லை.

கேப்டன் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "உப்பு அரிக்காத குழாய் போட்டு இதை நிரந்தரமாவே பண்ணிடணும். ரொம்ப நன்றி, குட்டி என்ஜினியர்!"

குழந்தையின் அழுகை ஓய்ந்திருந்தது. அந்த அக்காவின் கண்கள்தான் கலங்கியிருந்தன. "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடா கண்ணு."

"கொஞ்ச நேரம் பாப்பாவை மடியில வெச்சுக்கட்டுமாக்கா?"

சற்று நேரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். சுண்டு அசையவில்லை. அவள் விரலை இறுகப் பிடித்தபடி குழந்தை தூங்கிப்போயிருந்தது.