செமிசி வேண்டாம் என்ற காணொளி

ஏழு வருடங்களில் கணவன் செமிசி லுபேயின் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து போனில் பேசினான்.

"இந்த வாரத்து வீடியோவை டிவிடி போடாத, லுபே. படம் சரியா இல்ல."

"ஹாபாய் தீவுக்கு நாளைக்கு விடியக்காலையில படகு. கிழவிங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்குங்க."

"ஞாயித்துக்கிழமை கடை திறந்தா போலீஸ் புடிக்கும்."

"அடேங்கப்பா! எப்பலருந்து நீங்க போலீஸ் பக்கம்?"

அவன் போனை வைத்துவிட்டான்.

நுக்குஅலோஃபா நகரம் முழுவதும் மூடிக் கிடந்தது. ஞாயிறன்று டோங்காவில் யாரும் வேலை செய்யக்கூடாது. லுபே கடைக் கதவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மண்ணடுப்புகளின் புகையும், மதிய உணவுக்கு வெந்துகொண்டிருந்த சேம்பிலை, தேங்காய்ப்பாலின் மணமும் கதவிடுக்கில் நுழைந்து, சூடான பிளாஸ்டிக் வாடையோடு கலந்தன. செமிசி பழம் பறிக்கப் போன ஆஸ்திரேலிய ஊரின் டோங்கா சபை வாராவாரம் இணையத்தில் ஏற்றும் வழிபாட்டை அவள் இறக்குவாள். பழைய டிவிடி பெட்டிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தீவுகளுக்கு அனுப்புவாள்.

மாற்றத்தைத் தொடங்கிவிட்டு, பக்கத்திலேயே மூலக் கோப்பை ஓட்டிப் பார்த்தாள்.

சபை கறுப்பு உடுத்தியிருந்தது. முதல் வரிசையில் செமிசி, சாவு விழுந்த வீட்டார் உடுப்பின் மேல் சுற்றும் கிழிந்த துக்கப் பாயை மார்புவரை கட்டியிருந்தான். யாருக்காக? அவன் அம்மா காலையில்தான் லுபேயோடு கோயிலுக்கு வந்தாள். பக்கத்தில் ஒரு கர்ப்பிணி தன் கைக்குட்டையால் அவன் கண்ணைத் துடைத்தாள். கேமரா திரும்பியது. விரித்த மரப்பட்டைத் துணியின் மேல் மாலையிட்ட புகைப்படம். லுபேயின் கல்யாணப் படம்.

"நம்ம செமிசியோட மனைவி போன மாசம் ஊர்ல காய்ச்சல்ல..." என்றார் போதகர்.

செமிசியை அழைத்தாள்.

"நான் செத்துட்டேனா?"

"பாத்துட்டியா... சும்மா பேருக்குத்தான் லுபே. அவளைக் கட்டணும்னா சபை ஒத்துக்கணும்ல. நீ அங்க நல்லாத்தானே இருக்க? உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் அந்தப் போட்டோவை அனுப்புனாங்க."

அழைப்பு அறுந்தது. காலையில் தன் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியேறிய அந்தக் கிழவியின் உள்ளங்கைச் சூடு இன்னும் லுபேயின் விரல்களில் இருந்தது.

திரையின் ஓரத்தில் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மாற்றிய படம் சின்னச் சட்டத்தில் ஒலியில்லாமல் விட்டுவிட்டு நகரும். அதே சபை. அதே துணி. ஆனால் துணியின் மேல் புகைப்படம் இல்லை.

யாரோ படுத்திருந்தார்கள்.

மூலக் கோப்பைப் பார்த்தாள். அதில் புகைப்படம்தான் இருந்தது. சின்னச் சட்டத்தைப் பார்த்தாள். எண்ணெய் தடவிய கூந்தல். அவளுடைய மஞ்சள் பூப்போட்ட சட்டை. இன்று உடுத்தியிருந்த சட்டை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மெயின் சுவிட்சை இறக்கினாள். கடை விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

இறந்தவரை முத்தமிட்டு அனுப்புவது டோங்கா வழக்கம். சபை வரிசையில் எழுந்தது. முதலில் ஒரு கிழவர் குனிந்தார்.

லுபேயின் நெற்றியில் ஈரம் பட்டது.

துடைத்தாள். அடுத்தவர் குனிந்தார். மறுபடி ஈரம். தேங்காயெண்ணெய் வாசம், அழுத மூச்சின் வெப்பம். ஒலியில்லாத படத்திலிருந்து பாட்டு வந்தது. எழ முயன்றாள். கால் அசையவில்லை. கத்தினாள். வாய் திறக்கவில்லை. கர்ப்பிணி குனிந்தாள், மெதுவாக, வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

கடைசியாக செமிசி.

அவன் உதடு சூடாக இருந்தது. கண்ணீர் அவள் இமையில் விழுந்தது. நிஜக் கண்ணீர். குனிந்தபடியே அவள் கண்ணுக்குள் பார்த்தான். திறந்திருந்த கண். அவள் உயிரோடிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

இரண்டு கையாலும் சவத்தைப் போர்த்தும் பாயின் விளிம்பைத் தூக்கி அவள் முகத்தின் மேல் இழுத்தான்.

ஓலை இழைகளின் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். இன்னொரு பாய். வெளிச்சம் இல்லை. மேலே பாட்டு. இன்னொரு பாய்.