குழந்தை முட்டை போடுமா?

“அக்கா! குண்டன் முட்டை போட்டுட்டான்!” மொட்டை மாடியிலிருந்து தம்பி கத்தினான்.

குண்டன் என்பது அம்மாவின் தக்காளிச் செடியில் குடியிருந்த பச்சைப் புழு. விரல் பருமன், வாலில் ஒரு கொம்பு. அந்தப் பெயரை வைத்தவள் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கே வீட்டில் அப்படி ஒரு பெயர்.

துருவி ஓடிப்போய்ப் பார்த்தாள். குண்டன் முதுகு முழுக்க அரிசி அரிசியாக என்னவோ வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அதற்குள் அப்பா பூச்சிமருந்தோடு வந்துவிட்டார். “ஒரு புழுவே பாதிச் செடியைத் தின்னுடுச்சு. இத்தனையும் பொரிஞ்சா, அம்மா என்னைத் தின்னுடுவா!”

துருவி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குண்டன் அந்துப்பூச்சியாகிப் பறப்பதைப் பார்க்க அவள் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாள்!

“இருங்கப்பா! குண்டன் இன்னும் குழந்தை. அந்துப்பூச்சியா வளர்ந்தாத்தானே முட்டை போட முடியும்? குழந்தை எப்படிப்பா முட்டை போடும்?”

“அட, ஆமால்ல?” அப்பா மருந்தைக் கீழே வைத்தார். “அப்ப இது யாரோடது?”

அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் மாட்டும் அவருடைய லென்ஸை வாங்கிக்கொண்டு துருவி குனிந்தாள். குண்டனின் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு குட்டிப் புழு வெளியே வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, தன்னைச் சுற்றி வெள்ளை நூலால் பின்னத் தொடங்கியது.

“முட்டை இல்லப்பா, கூடு! குண்டனுக்குள்ள யாரோ குடியிருந்திருக்காங்க!”

“கதவைத் தட்டிட்டா போனாங்க?” என்றான் தம்பி.

“சரி, பொறுத்துப் பார்ப்போம்” என்றார் அப்பா. “செடி போச்சுன்னா அம்மாகிட்ட நீதான் பேசணும்.”

துருவி குண்டனை இலையோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்து, வாயைத் துணியால் கட்டினாள். குண்டன் தின்னவில்லை, நகரவில்லை. கடைசியில் செத்தே போனான். துருவி தேம்பித் தேம்பி அழுதாள். ஆனாலும் புட்டியைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஒருநாள் காலை கூடுகள் திறந்தன. கொசுவைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் வெளியே வந்தன.

அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்தார். “இடுப்பு எவ்வளவு ஒல்லி பாரு! இது குளவி. இதோட அம்மாதான் குண்டனுக்குள்ள முட்டை வெச்சிருக்கணும். பொரிஞ்ச புழுங்க அவனை உள்ளேருந்தே தின்னு வளர்ந்திருக்கு.”

“அப்ப இதுங்களும் வேற புழுவைத் தேடிப் போகும். அப்பா, செடிக்கு இதுங்களே காவல்! மருந்து அடிச்சா இதுங்களும் செத்துடும்.”

அப்பா மருந்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். துருவி துணியை அவிழ்த்தாள். குளவிகள் தக்காளி இலைகளுக்குள் பறந்து மறைந்தன.

அடுத்த வாரம் அம்மா இன்னொரு பச்சைப் புழுவைப் பிடித்துத் தூக்கி எறியப் போனார்.

“அம்மா, இருங்க!” தம்பி குறுக்கே பாய்ந்தான். “உள்ள ஆள் இருக்கான்னு பாத்துட்டு எறிங்க!”