மேனேஜரின் மண்பெட்டி

“எங்க வீட்டுப் பூனை மூணு வாரமா வெளிக்கிருக்கவே இல்ல, அண்ணா,” என்றாள் கீழ்வீட்டுப் பெண்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தீப்பிடித்த கடைகளைப் போய்ப் பார்த்து, நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது அவர் தொழில். கடைக்காரர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் முகம் மாறாத பழக்கம் வந்துவிட்டது. அவருடைய மாமியாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மகள் வீட்டில் ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தவர், மாப்பிள்ளை துப்பறிவதைப் பார்த்த ருசியில் ஊருக்குத் திரும்பும் பேச்சையே எடுக்காமல் இருந்தார்.

“மூணு வாரமாவா! பூனை உசிரோட இருக்கா?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் மாமியார்.

“நல்லாத்தான் இருக்கான்மா. சாப்பிடறான், தூங்கறான். பெட்டி மட்டும் காலி.”

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கணவன் கப்பல் பொறியாளர்; இப்போது நடுக்கடலில். வீட்டில் அவளும் மாமனாரும் ஒரு பூனையும். நாளெல்லாம் நாற்காலியில் தூங்கி, எழுப்பினால் கோபித்துக்கொள்வதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அடுக்களைக்குப் பின்னால் உள்ள பால்கனியில், பூனைக்கென்று கடையில் விற்கும் மண்ணை நிரப்பிய பெட்டி இருந்தது. காலையில் எழுந்ததும் அதில் கட்டி தட்டிக் கிடப்பதை அவள் கரண்டியால் அள்ளிப் போடுவாள். இப்போதோ அள்ள ஒன்றும் இல்லை. புது மண் வைத்திருக்கும் பையும் குறையவில்லை.

“மாமாதான் ராத்திரியில அவனை வெளிய விடறார்னு தோணுது. தெருவுக்குப் பழக்கிட்டா ஒருநாள் திரும்பி வரமாட்டான் இல்லையா? வாயைத் திறந்தா சனியன், சனியன்னுதான் கூப்பிடுவார். தொலைச்சுடறதுக்கு முன்னாடி நானே நல்ல இடத்துல கொடுத்துடலாம்னு ஒருத்தங்ககிட்ட சொல்லிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வர்றாங்க.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “போன ரெண்டு வருஷமா நான் பட்டதுக்கு, பக்கத்துல வந்து படுத்துக்கிட்டது அவன் ஒருத்தன்தான்.”

என்ன பட்டாள் என்று அவள் சொல்லவில்லை. மாமியார் கேட்க வாயெடுத்தார். மாப்பிள்ளையின் பார்வையைக் கண்டு காபி கொண்டுவரப் போனார். வந்த காபியை அவள் விரல் நுனியால் தள்ளி வைத்தாள். “இப்பல்லாம் ஒத்துக்கறதில்லம்மா.”

“மாமாகிட்ட நேராக் கேக்கலியா?” என்றார் மாப்பிள்ளை.

“நாங்க பேசிக்கறதே ‘சாப்பிட்டீங்களா’, ‘ம்’, அவ்வளவுதான். மளிகைக்கடை வச்சிருந்தவர். அத்தை போனப்புறம் கடையைக் கொடுத்துட்டு எங்ககூட வந்துட்டார்.”

“பெட்டி எப்பலேர்ந்து காலி?”

“மேனேஜருக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள்லேர்ந்து. அன்னிக்கு எனக்குத் தலை சுத்தல். மாமாதான் திட்டிக்கிட்டே கூடையில தூக்கிட்டுப் போனார். ஊசியாலதான் இப்படியோன்னு டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மூணு வாரம் போகாம இருந்தா பூனை தாங்காது, வேற எங்கயோ போறான்னார்.”

“வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?”

“வேலைக்கு வர்ற அக்காகிட்ட. நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே வந்துடுவாங்க.”

“அவதான்!” என்றார் மாமியார், எதைச் செய்தவள் என்று யோசிக்காமலே.

பெரியவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து மூவரும் கீழே இறங்கினார்கள். மேனேஜர் நாற்காலியில் கிடந்தான். மாப்பிள்ளை அவனுடைய பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நகத்தில் அழுக்கில்லை, வயிற்று மயிரில் ஒரு தூசு ஒட்டியிருக்கவில்லை.

“தெரு சுத்தற பூனையாட்டம் இல்லியே. என் பாதம்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது,” என்றார் மாமியார்.

அடுத்தது பெட்டி. ஒரு கை மண்ணை அள்ளிச் செய்தித்தாளில் பரப்பினார் மாப்பிள்ளை. பக்கத்தில், அவள் வாங்கி வைத்திருந்த பையிலிருந்து இன்னொரு கை. பையில் இருந்தது முழுக்கச் சாம்பல் நிறம். பெட்டியில் இருந்ததில் பாதிக்குப் பாதி வெள்ளைக் குருணை.

“மண்ணைத் திருடறா மாப்பிள்ளை! பாத்தீங்களா?”

“திருடினா குறையணும் அத்தை. இங்க கூடியிருக்கு. கீழ குப்பைத்தொட்டியை ஒருதடவை...”

அவர் முடிப்பதற்குள் மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டார். திரும்பியபோது கையை நீட்டி, தொலைவாகப் பிடித்திருந்தது ஒரு செய்தித்தாள் பொட்டலம்.

“நாத்தம் குடலைப் புடுங்குது. ஆனா கட்டின அழகைப் பாருங்க! இதே மாதிரி நாலஞ்சு கிடக்கு.”

நூல் இல்லை, ரப்பர் பேண்டு இல்லை. ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தன. உதறிப் பார்த்தாலும் பிரியவில்லை. மாப்பிள்ளை அதை வெகுநேரம் பார்த்தார். அன்று மாலை கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். போனை வைத்தபோது, எதற்கும் மாறாத அந்த முகம் கொஞ்சம் மாறியிருந்தது. என்ன கேட்டீர்கள் என்று மாமியார் துளைத்தெடுத்தும் பதில் வரவில்லை.

மறுநாள் மதியம் கீழ்வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். வேலைக்கார அக்கா கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றாள். பெரியவர் செய்தித்தாளைக் கேடயமாகப் பிடித்திருந்தார். பூனையின் கூடை, துணி விரித்துத் தயாராக, கதவோரம் இருந்தது.

“மேனேஜர் வெளிய போகவே இல்ல,” என்று தொடங்கினார் மாப்பிள்ளை. “தினமும் பெட்டியிலதான் போறான். நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி யாரோ அள்ளிடறாங்க. அள்ளினா மண் குறையும், திரும்ப நிரப்பணும். உங்க பையிலேர்ந்து எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும். அதனால தனியா ஒரு பை வாங்கியிருக்காங்க. அதே நிறம் கிடைக்கல போல.”

“ஐயோ, நான் இல்லீங்க!” என்றாள் அக்கா. “பூனைன்னாலே எனக்குத் தும்மல். பால்கனிப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்.”

“தெரியும்கா.” மாப்பிள்ளை ஒரு கிண்ணம் சுத்தமான மண்ணையும் ஒரு தாளையும் பெரியவர் முன் வைத்தார். “ஐயா, இதைக் கொஞ்சம் மடிச்சுக் கொடுங்களேன். கொட்டாம எடுத்துட்டுப் போகணும்.”

பெரியவர் சிடுசிடுப்புடன் வாங்கினார். மனம் யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. தாள் சுழன்றது, மண் நடுவில் விழுந்தது, ஓரங்கள் மடிந்து செருகிக்கொண்டன. நூல் கட்டாத அச்சு அசலான மளிகைக்கடைப் பொட்டலம். முடித்து நீட்டியபோதுதான் எல்லோரும் தன் கையையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

“சரிதான். பொறியில விழுந்துட்டேன்,” என்றார்.

“ஆனா ஏன்?” என்றார் மாமியார்.

“நெருப்பை யார் வச்சாங்கன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது அத்தை. ஏன்னு எனக்குத் தெரியும். ஆனா அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்ல.”

மாமியார் அவரைப் பார்த்தார். தள்ளி வைத்த காபி ஞாபகம் வந்தது. தலை சுற்றலும் ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினார். “வாடி, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு,” என்று அக்காவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பெரியவரின் கண் அப்போதுதான் கதவோரம் போனது. “கூடை எதுக்கு?”

“அவனைக் கொடுத்துடறதா இருந்தேன், மாமா. நீங்க எங்கயாவது விட்டுடுவீங்கன்னு...”

“கொடுக்கறதா? டாக்டர் பூனையைக் கொடுக்கச் சொல்லவே இல்லியே! நீ பெட்டியைத் தொடக்கூடாதுன்னுதானே சொன்னார்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எந்த டாக்டர் மாமா?”

பெரியவர் பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். “ஊசி போட்டவர்தான். வீட்ல மாசமா இருக்கற பொண்ணு யாராவது இருக்காங்களான்னு கேட்டார். பூனை மலத்துலேர்ந்து ஒரு நோய் வரலாமாம், வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாதாம். வேற யாராவது தினமும் அள்ளிடுங்க, பூனை அது பாட்டுக்கு இருக்கட்டும்னார்.”

அவள் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது. “உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலியே.”

“கடை வச்சிருந்தவன்மா நான். யார் எதை வாங்கறதை நிறுத்தினாங்கன்னு பார்க்காம கடை நடத்த முடியுமா? காபியை நிறுத்தின. வெங்காயம் வதக்கினா ஜன்னல் பக்கம் ஓடின. மாசமா இருந்தப்ப உங்க அத்தையும் அப்படித்தான்.”

“ஏன் மாமா என்கிட்ட சொல்லல?”

“நீயே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? ரெண்டு தடவை பறிகொடுத்தவ நீ.”

“வாயால சொன்னா இதுவும் போயிடுமோன்னு பயம், மாமா.”

“எனக்கும் அதே பயம்தான்,” என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராய்வதுபோல் நின்றார். அவள் அழுதாள். யாருமில்லை என்று நினைத்த வீட்டில், விடியும் முன்பே ஒருவர் எழுந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, தனக்காக மண் அள்ளியிருக்கிறார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கத்தைவிட, இவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளாத வார்த்தையை அவள் சொன்னாள்.

“ரொம்ப நன்றி மாமா.”

பெரியவருக்கு அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளை மண் பையை இழுத்துக்கொண்டு வந்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

“உங்க பையனுக்குக்கூட நான் இன்னும் சொல்லல, மாமா,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அப்ப முதல்ல அவனுக்குப் போன் போடு,” என்றார் பெரியவர். “அதுக்குள்ள நான் பெட்டியை அள்ளிட்டு வந்துடறேன்.”